தோற்கிற பிள்ளைக்கு ஒரு நேர்த்தி

பெற்ற பிள்ளை தோற்கவேண்டும் என்று எந்தத் தாயாவது கோயிலில் நேர்த்தி வைப்பாளா என்று கேட்பீர்கள். நான் வைத்தேன். ஒரு தேங்காய் இரண்டு தேங்காய் இல்லை, நூற்றெட்டு. இதைக் கேட்டு முகத்தைச் சுளிக்கிறவர்கள் தங்கள் ஒரே மகளைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு, கிழமைக்கு ஒரு புதுக் காயத்தைப் போன் திரையில் பார்த்துவிட்டு வந்து என்னோடு கதைக்கட்டும்.

என் மகள் மிருணாளினி யப்பானில் மல்யுத்தம் செய்கிறாள். ஓம், மல்யுத்தம்தான். மூக்குத்தி போட்டுப் பரதநாட்டியம் ஆடிய பிள்ளை. பார்மசி படித்துக்கொண்டிருந்தவள், எங்கள் வீட்டுக்குக் கிட்ட, டண்டினோங்கில் ஒரு பழைய தொழிற்சாலைக் கொட்டகையில் யாரோ மல்யுத்தம் பழக்குகிறார்கள் என்று சிநேகிதியோடு சும்மா விடுப்புப் பார்க்கப் போனாள். சிநேகிதி திரும்பி வந்துவிட்டாள். இவள் வரவில்லை. அங்கே வந்துபோன ஒரு யப்பான்காரர் இவளுடைய காலைப் பார்த்தாராம், நிலத்தில் ஊன்றி நிற்கிற விதத்தைப் பார்த்தாராம், தங்கள் பெண்கள் கம்பனிக்கு வா என்று கேட்டாராம். அந்தக் காலை அப்படி ஊன்ற வைத்தது நான் கட்டிய நடன வகுப்புக் காசு. யாரிடம் போய்ச் சொல்லி அழ?

"ஒரு வருசம்தான் அம்மா. பிறகு வந்து படிப்பை முடிக்கிறன்" என்றாள். அந்த ஒரு வருடம் மூன்று வருடமாகிவிட்டது.

என் கணவர் கேதீஸ்வரன் பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் வாயைத் திறந்தால் சாப்பிடத்தான் திறப்பார். மகள் மல்யுத்தத்துக்குப் போனபிறகு அந்த மனிசனுக்கு எங்கிருந்து இவ்வளவு பேச்சு வந்தது என்று தெரியவில்லை. எந்தப் பிடிக்கு என்ன பெயர், யார் யாரோடு கோபம், எல்லாம் அத்துப்படி. ஒருநாள் எனக்கும் வகுப்பு எடுக்க வந்தார்.

"இஞ்சேரும் கௌரி, இதில வெல்லுறதும் தோற்கிறதும் முன்னமே கதைச்சு முடிவெடுத்தது. கம்பனி ஒபீசில இருக்கிறவை தீர்மானிப்பினம். ஆனா விழுகிறது உண்மை. நோகிறது உண்மை."

"அப்ப நோவு மட்டும்தான் அசல் எண்டுறியள். நல்ல வேலைதான் பாத்து எடுத்திருக்கிறாள் உங்கட மகள்" என்றேன். அதன்பிறகு கொஞ்சநாள் எனக்கு வகுப்பு நடக்கவில்லை.

நான் வேலை செய்வது வயதானவர்களைப் பராமரிக்கிற ஓர் இல்லத்தில். எங்கள் வீடு இருக்கிற ரோவில் என்ற இடத்திலிருந்து அதிக தூரமில்லை. அங்கே மிசஸ் ஹார்ப்பர் என்று ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டு உதட்டுச் சாயம் பூசிவிடச் சொல்லுவார். அவருடைய மகள் நாட்டின் மறுகரையில், பேர்த்தில் இருக்கிறாள். வருவதில்லை. வரமாட்டாள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நான் பூசிவிடுவேன், அவர் யன்னலோரம் கதிரையைத் தள்ளச் சொல்லுவார், நான் தள்ளுவேன். மத்தியானம் சாயம் சூப்போடு போய்விடும். ஒவ்வொரு ஞாயிறும் வேலை முடிந்து கார் ஓடி வரும்போது அந்த யன்னல்தான் எனக்குக் கண்ணுக்குள் நிற்கும். எனக்கும் ஒரே மகள். பேர்த்தைவிட டோக்கியோ தூரம்.

இப்போது சொல்லுங்கள், நான் நேர்த்தி வைத்தது பிழையா?

நேர்த்திக்கு வழி வைத்தது ஒரு செய்தி. குளிர்காலம் தொடங்கிய நேரம், ஒரு சனிக்கிழமை. நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் போனைக் கையில் பிடித்தபடி, யாரோ செத்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"கௌரி, பிள்ளையைத் தொமோயேயோட விட்டிருக்கிறாங்கள்."

தொமோயே யார் என்று எனக்கும் தெரியும். அந்தக் கம்பனியின் சம்பியன். நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயது, தோள் இரண்டும் எங்கள் வீட்டுக் கதவகலம். மிருணாளினி போன புதிதில் இந்தத் தொமோயேக்குத்தான் உடுப்புத் தோய்த்தாள், சோறு சமைத்தாள், முதுகு பிடித்துவிட்டாள். அங்கே பழகப் போகிற புதுப் பிள்ளைகள் மூத்தவர்களுக்கு இதெல்லாம் செய்யவேண்டுமாம், அதுதான் முறையாம். இங்கே தான் குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவாதவள்! கேட்ட அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"விட்டால் விடட்டும். தோற்கிறது அவளுக்குப் புதுசோ?" என்றேன்.

"அப்பிடியில்லையப்பா. இதில ஒரு நிபந்தனை வைச்சிருக்கிறாங்கள். தோற்கிறவள் கம்பனியை விட்டுப் போகவேணும். தொமோயே தோற்று எவ்வளவோ காலம். எங்கட பிள்ளைக்கு விசாவும் கம்பனியாலதான். தோற்றா அவள் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்."

என் கை மீனில் நின்றுவிட்டது.

"ஏன் கௌரி சிரிக்கிறீர்?"

"மீன் நல்ல புதுசு. அதுதான்" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானே காரை எடுத்துக்கொண்டு த பேசின் என்ற ஊரில் இருக்கிற கோயிலுக்குப் போனேன். மலையடிவாரத்துப் பிள்ளையார் நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சங்கதி முழுவதும் தெரிந்தவர். போகும் வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். முடிவு ஒபீசில் தீர்மானிக்கிறது என்றால் பரவாயில்லை, அந்த ஒபீஸ்காரரின் மண்டைக்குள் பிள்ளையார் போகட்டும். அது அவருக்கு ஒரு பெரிய வேலையில்லை.

ஆனால் சந்நிதியில் நின்று கண்ணை மூடினால் வாய் வரவில்லை. எப்படி வரும்? பிள்ளையின் பெயரையும் தோல்வி என்ற சொல்லையும் சேர்த்து ஒரு தாய் தன் வாயால் சொல்லலாமா? பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப் பார்த்து 'எங்கே போறாய்' என்றுகூடக் கேட்காத சனம் நாங்கள். வீட்டில் அரிசி முடிந்தால் முடிந்துபோச்சு என்று சொல்லமாட்டோம். அப்படி இருக்க, என் குஞ்சு தோற்கட்டும் என்று எந்த நாக்கால் சொல்லுவேன்? அதனால் பெயரை விட்டுவிட்டேன். 'பிள்ளையாரப்பா, அந்தப் போட்டியில் தோற்கிற பிள்ளை சுகமாய்த் தன் தாயிடம் போய்ச் சேரவேண்டும். சேர்ந்தால் உனக்கு நூற்றெட்டுத் தேங்காய்.' யாரைச் சொல்லுகிறேன் என்று அவருக்குத் தெரியாதா என்ன. இவருக்கு நான் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

வீட்டுக்கு வந்து மிருணாளினியின் அறையைத் திறந்தேன். அந்த அறைக்குள் இவர் தன் உடற்பயிற்சிச் சைக்கிளை வைத்திருந்தார். அதைக் கராஜுக்குத் தள்ளினேன். திரைச்சீலையைத் தோய்த்தேன். கட்டில் மெத்தை நடுவில் பள்ளம் விழுந்து கிடந்தது. புது மெத்தை ஒன்றுக்குச் சொல்லிவிட்டு மகளுக்குப் போன் எடுத்தேன்.

திரையில் வந்தாள். இடது கண்ணுக்குக் கீழே மஞ்சளும் பச்சையுமாய் ஒரு கண்டல். தலைமயிரில் பாதிக்குச் செம்பு நிறம்.

"பிள்ளை, உன்ர அறைக்குப் புது மெத்தை வாங்கப்போறன். முதுகு நோவுக்கு நல்லதாம்."

 "வாங்காதேங்கோ அம்மா" என்றாள்.

"ஏன் வாங்காமல்? உடம்பெல்லாம் அடிபட்டு வாற பிள்ளை."

"இப்ப ஒண்டும் வாங்காதேங்கோ. ப்ளீஸ்."

பாவம், தோற்று வரப்போகிறோம் என்று கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். நேராகவே கேட்டுவிட்டேன்.

"எடி, உனக்கு முடிவு தெரியும்தானே. அம்மாவிட்டைச் சொல்லன். நான் ஆருக்குச் சொல்லப்போறன்?"

"சொல்லக்கூடாது அம்மா. ஆருக்கும் சொல்லக்கூடாது. அப்பாக்கும் சொல்லேல்லை."

"பெத்த தாய்க்குமோ?"

"அம்மாக்குச் சொன்னா பிறகு நான் அங்க போய் நிண்டு என்ன செய்யிறது? பொய் சொல்லுற மாதிரி இருக்கும்."

முடிவைப் பேசிவைத்துவிட்டு அடிபடுவதில் இவளுக்கு எது பொய், எது மெய் என்று எனக்கு விளங்கவில்லை. நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். அவள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். பிறகு, "அம்மா, இந்தமுறை கறித்தூள் கொஞ்சம் கூட அனுப்புங்கோ. நல்லாக் கூட" என்றாள்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வெளிக்கிடுகிறாள்! இல்லாவிட்டால் எதற்கு இவ்வளவு தூள்? லண்டனை விட்டு வந்த என் தங்கச்சியும் இப்படித்தான், வெளிக்கிடுகிற கிழமை பக்கத்து வீட்டுக்காரி, வேலையிடத்துச் சிநேகிதி எல்லாருக்கும் ஆளுக்கொரு போத்தல் தூள் கொடுத்துவிட்டு வந்தாள். வெறுங்கையோடு விடைபெறுவது எங்களுக்குப் பழக்கமில்லை. என் வளர்ப்பு வீண்போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வார இறுதியில் கராஜில் காஸ் அடுப்பை வைத்து, கதவைத் திறந்துவிட்டு, மிளகாய் வறுத்தேன். குசினியில் வறுத்தால் புகை அலாரம் கத்தித் தெருவையே கூட்டிவிடும். பக்கத்து வீட்டுக் கிரேக்க மனிசன் தும்மிக்கொண்டே தன் யன்னல்களைச் சாத்தினான். மல்லி, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாம் பதமாய் வறுத்து, இடித்து, இரட்டைப் பையில் அடைத்து அனுப்பினேன். இவர் தும்மல்களுக்கு நடுவில், "இவ்வளவு தூளையும் அவள் என்ன செய்யப்போறாள்?" என்று கேட்டார்.

"அவளுக்குத் தெரியும். நீங்கள் சும்மா இருங்கோ."

போட்டி ஒரு ஞாயிறு பின்நேரம். டோக்கியோவுக்கும் எங்களுக்கும் ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். நான் காலை வேலை முடித்து, மிசஸ் ஹார்ப்பருக்குச் சாயம் பூசிவிட்டு, வீட்டுக்கு ஓடி வந்தேன். இவர் கணினியிலிருந்து பெரிய தொலைக்காட்சிக்கு வயர் கொடுத்து, படம் வருகிறதா என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சவரம் செய்து, புதுச் சேட்டும் போட்டிருந்தார். யாரோ பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி இருந்தது.

நான் கதிரையில் இருக்கவில்லை. குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் கையில் ஒரு துவாயை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு என்ன பதற்றம், முடிவு எனக்குச் சாதகமாய்த்தான் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மண்டபம் நிறைந்த சனம். மகள் முதலில் வந்தாள். சிவப்பும் பொன்னுமாய் உடுப்பு, இடுப்பில் நடனத்துக்குக் கட்டுகிற மாதிரி ஒரு விசிறி மடிப்பு. கயிற்றுக்குள்ளே நுழையுமுன் குனிந்து மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். அதை அவளுக்குப் பழக்கியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பிறகு தொமோயே வந்தாள். சனம் ஒரே குரலில் அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்தியது.

மணி அடித்தது. முதலில் இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்று நெஞ்சில் மாறிமாறி அடித்தார்கள். கையை விரித்து, ஓங்கி. ஒவ்வொரு அடியும் படார் என்று கேட்டது. அதில் நடிப்பு எங்கே இருக்கிறது? என் மகளின் நெஞ்சு பீற்றூட்போலச் சிவந்துவிட்டது. ஒருமுறை விழுந்தாள், எழும்பினாள். மறுபடி விழுந்தாள். நான் துவாயை முறுக்கிக்கொண்டு, 'காணும் பிள்ளை, விழுந்தது போதும், அப்படியே கிட, வீட்டுக்கு வா' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தொமோயே அவளுக்குப் பின்னால் போனாள். இவர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"முடிஞ்சுது. இதிலயிருந்து ஒருத்தியும் எழும்பினதில்லை."

பின்னால் நின்று இடுப்பைக் கட்டிப்பிடித்து, அப்படியே தூக்கித் தன் தலைக்கு மேலால் பின்புறமாக எறிந்தாள். என் மகளின் பிடரி நிலத்தில் மோதியது. அந்தச் சத்தம் எனக்குத் தொலைக்காட்சியிலிருந்து வரவில்லை, என் முதுகெலும்பிலிருந்து வந்தது. அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். நடுவர் பாய்ந்து விழுந்து நிலத்தில் கையால் அடித்தார். ஒன்று. மூன்று அடித்தால் முடிந்தது. இரண்டு.

"எழும்பு குஞ்சு! எழும்படி!"

யார் கத்தினது என்று பார்த்தால், நான். துவாய் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் விழுந்து கிடக்கிறது. என் தொண்டை கிழிந்துவிட்டது. மூன்றாவது அடிக்குக் கை இறங்குகிற நேரத்தில் அவள் தோளைத் தூக்கிவிட்டாள்.

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சத்தம். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பிள்ளையாரிடம் அவ்வளவு பக்குவமாய்க் கேட்டுவிட்டு வந்தவள், இப்போது அவருக்குக் கேட்கக் கத்திவிட்டேன். ஆனால் சொல்லுங்கள், பிள்ளை பிடரி அடிபட்டுக் கிடக்கும்போது எந்தத் தாய் கணக்குப் பார்ப்பாள்?

தொமோயேயும் நம்பாத மாதிரி நடுவரைப் பார்த்தாள். மறுபடி பின்னால் போய் இடுப்பைக் கட்டப்போனாள். அந்த நொடியில் மிருணாளினி அவளுடைய கைக்குக் கீழால் நழுவி, இரண்டு கால்களையும் வாரிப் பிடித்து, அந்தப் பெரிய உடம்பைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, அதன்மேல் தன் முழுப் பாரத்தையும் போட்டு இருந்துவிட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று.

மணி அடித்தது. ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கிழவர், இளந்தாரி, பெட்டைகள், எல்லாரும் எழும்பி நின்றார்கள். இவர் கதிரையை விட்டு எழும்பி, பஸ் ஓடி ஓடி மரத்துப்போன அந்தக் கால்களால் ஹோலுக்குள் குதித்தார்.

"வெண்டிட்டாள் கௌரி! எங்கட பிள்ளை வெண்டிட்டாள்!"

தொமோயே நிலத்தில் கிடந்து மண்டபக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முழங்காலில் எழும்பி வந்து, என் மகளின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக் காதில் எதையோ சொன்னாள். மிருணாளினியின் கீழுதடு வெளியே பிதுங்கியது. அவள் பொய்யாய் அழுதால் கண்ணைக் கசக்குவாள், மெய்யாய் அழுதால் கீழுதடு பிதுங்கும். பால்குடி நாளிலிருந்து எனக்குத் தெரியும். கடைசியில் தொமோயே நாலு பக்கமும் திரும்பிச் சனத்தைக் கும்பிட்டுவிட்டு, கயிற்றுக்குக் கீழால் இறங்கிப் போனாள். அவள்தான் கம்பனியை விட்டுப் போகவேண்டியவள். என் மகள் அங்கேயே இருக்கப்போகிறவள்.

நான் போய் மகளின் அறையில் கட்டிலில் இருந்தேன். வாங்காதேங்கோ என்று அவள் சொல்லியும் வாங்கிய மெத்தை. பொலித்தீன் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. இருக்க இருக்கச் சரசரத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றும் வாங்காதேங்கோ. தூள் கூட அனுப்புங்கோ. பிள்ளை தன் தொழில் முறையை மீறாமல், தன்னால் முடிந்த அளவுக்கு எனக்குச் சொல்லித்தான் இருக்கிறாள். கேட்கவேண்டியதைக் கேட்காமல் எனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டவள் நான். முகத்தைத் துவாயில் பொத்திக்கொண்டு நன்றாக அழுதேன். இவர் வந்து வாசலில் நின்றார். ஒன்றும் கேட்காமல் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார்.

அன்றைக்கு அவள் போன் எடுத்தாள். தலையிடி என்று இவரைச் சொல்லச் சொன்னேன். அடுத்த நாளும் தலையிடி. வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போகவில்லை. பிள்ளையாரோடும் கோபம். நேர்த்தி நிறைவேறவில்லை, அவருக்கு ஒரு தேங்காயும் கிடையாது.

மூன்றாம் முறை அவள் எடுத்தபோது இவர் போனை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

"அம்மா, என்னோட கோபமோ?"

"எனக்கென்ன கோபம். நீ சம்பியன். சம்பியனோட கதைக்க நான் ஆர்?"

"அம்மா…"

"அந்தப் பெரிய மனிசிக்கு என்ன வந்தது? ஒருத்தரிட்டையும் தோற்காதவள் உன்னட்டை எதுக்குத் தோற்றவள்? உன்னை வீட்டை அனுப்பிப்போட்டு அவள் இருந்திருக்கலாம்தானே!"

"தொமோயே அக்காதான் கேட்டவா அம்மா. அவவின்ர கடைசிப் போட்டிக்குக் கம்பனி வேற ஆளைத்தான் போட நினைச்சது. போறதெண்டா மிருணாவிட்டைத் தோற்றுப்போட்டுத்தான் போவன் எண்டு அவாதான் நிண்டவா."

"அவள் ஏன் போகவேணும்?"

"அவவின்ர அம்மாக்கு ஸ்ட்ரோக். ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது. வேற ஆக்கள் இல்லை. ஊர் வடக்கில, மீன்பிடிக்கிற இடம். மல்யுத்தம் பிடிக்கிறதெண்டு இவா வீட்டை விட்டு வெளிக்கிட்டு இருபது வருசத்துக்கு மேலயாம். இப்பதான் திரும்பிப் போறா."

மடியில் கிடந்த போனைக் கையில் எடுத்தேன்.

"அண்டைக்குக் காதில என்ன சொன்னவா தெரியுமோ? இனி என்ர உடுப்பை நானே தோய்க்கவேணும் எண்டு சொன்னவா." சிரிக்கப்போனவளுக்குக் கீழுதடு பிதுங்கிவிட்டது. "நீங்கள் அனுப்பின தூளில அரைவாசி அவா கொண்டுபோயிட்டா. நான் வைக்கிற குழம்பு அவாக்குப் பழகிப்போச்சு."

பிறகு ஒரு படம் அனுப்பினாள். ஒரு சின்ன வீட்டுக்குள் யன்னலோரமாய் ஒரு சக்கர நாற்காலி. அதில் ஒரு மெலிந்த மனிசி. பக்கத்தில் அந்தக் கதவகலத் தோள்காரி, நீலப் பூப்போட்ட ஏப்ரனோடு, கையில் ஒரு கிண்ணம். முகத்தில் ஒரு சம்பியனும் இல்லை. கரண்டியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாத முழி.

நான் அந்தத் தாயைத்தான் பார்த்தேன். எத்தனையோ வருடமாய் இப்படியான முகங்களைத்தானே கழுவித் துடைக்கிறேன். ஒரு பக்க வாய் இறங்கியிருந்தது. மற்றப் பக்கத்தால் அந்த மனிசி சிரித்துக்கொண்டிருந்தாள். உதட்டுச் சாயம் தேவைப்படாத சிரிப்பு. பிறகு கையைப் பார்த்தேன். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"என்னடி இது! இழுத்த கையை இப்பிடியோ தொங்க விடுறது? தோள் கழண்டுபோகும். கைக்குக் கீழ ஒரு தலையணை வைக்கச் சொல்லு, முழங்கையில இருந்து விரல்வரை. சாப்பாடு குடுக்கேக்கை பக்கத்தில நிக்கக்கூடாது, முன்னால இருக்கவேணும், அந்த அம்மாவின்ர நாடி கொஞ்சம் கீழ பாக்கவேணும். உடனே சொல்லு. ஆக்களைத் தூக்கி எறியத் தெரிஞ்சா போதுமோ?"

"சொல்லுறன் அம்மா" என்றாள். அவள் சிரிக்கிறாள் என்று குரலில் தெரிந்தது.

அடுத்த நாள் இன்னொரு படம் வந்தது. கைக்குக் கீழே தலையணை. தொமோயே முன்னால் முக்காலி போட்டு இருந்தாள். தாயும் மகளும் கமராவைப் பார்க்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொமோயே எங்களுக்கு நன்றி சொன்னதாய்க் கீழே மகள் எழுதியிருந்தாள். அந்தப் படத்தை வேலையிடத்து இடைவேளையில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, தேங்காய் வாங்கவேணும். நூற்றெட்டு."

"எதுக்கு?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். இவர் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"பிள்ளை தோற்கவேணும் எண்டோ நேர்த்தி வைச்சனீர்?"

"பிள்ளையின்ர பேர் நான் சொல்லேல்லை. தோற்கிற பிள்ளை தாயிட்டைப் போகவேணும் எண்டுதான் கேட்டனான்."

"அப்ப உம்மட நேர்த்தி நிறைவேறேல்லையே."

"ஏன் நிறைவேறேல்லை? தோற்ற பிள்ளை தாயிட்டைப் போகேல்லையோ? பிள்ளையார் விலாசம் மாறிக் குடுத்திட்டார். அதுக்காக நான் சொன்ன சொல்லை மாத்தேலுமோ?"

 இவர் கார்த் திறப்பை எடுத்தார். டண்டினோங்கில் கடை கடையாய் ஏறி இறங்கினோம். கடைக்காரப் பெடியன் என்ன கலியாணமோ என்று கேட்டான். காரின் பின்பக்கம் அமர்ந்துபோய்விட்டது. மலையடிவாரத் திருப்பங்களில் தேங்காய்கள் சாக்குக்குள் உருண்டு முட்டிக்கொண்டு வந்தன.

கோயிலில் குளிர் பொல்லாத குளிர். தேங்காய் உடைக்கிற இடத்தில் இவர் சேட்டைக் கழற்றிச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்தேன். இவர் ஓங்கி அடித்தார். தேங்காய்த் தண்ணி என் முகத்திலும் தெறித்தது. 'நல்லாயிருக்கட்டும்' என்று ஒவ்வொரு தேங்காய்க்கும் சொன்னேன். சிலதை அந்த மீன்பிடி ஊருக்குச் சொன்னேன், சிலதை டோக்கியோவுக்குச் சொன்னேன். ஒன்று மிசஸ் ஹார்ப்பருக்கு.

உள்ளேயிருந்து ஐயர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். சாக்கைப் பார்த்தார், குவிந்து கிடந்த சிதறல்களைப் பார்த்தார்.

"பெரிய நேர்த்திபோல. நிறைவேறிச்சுதோ அம்மா?"

"ஓம் ஐயா. ஒரு பிள்ளை தாயிட்டைத் திரும்பிப் போயிட்டுது."

"நல்ல சந்தோசம். உங்கட பிள்ளையோ?"

இவருடைய ஓங்கிய கை அப்படியே நின்றது.

"இல்லை ஐயா" என்றேன். "என்ர பிள்ளை வெண்டிட்டாள்."

குனிந்து சாக்குக்குள் கையை விட்டு அடுத்த தேங்காயை எடுத்தேன்.